சத்தம் போடாத வெள்ளம்

என் அருமை மாப்ளே,

தங்கச்சி புருஷனை 'நீங்க' என்று கூப்பிடு என்று அம்மா எத்தனையோ தடவை சொன்னாள். கூட வேலை பார்த்த பழக்கம், எனக்கு 'நீ'தான் வந்தது. இப்போதும் அப்படியே எழுதுகிறேன், கோபிக்காதே.

நீ போய்ப் பதிமூன்று வருஷமாகிறது. தேவதானத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து ஆற்றில் வெள்ளம் வந்தால், எவ்வளவு மண் அடித்து வருகிறது என்று பார்க்க நாம் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ராஜபாளையம் பொதுப்பணித்துறை ஆபீசுக்குக் கொண்டுபோவோம். அன்றைக்கு ஓரமாக ஒரு பாட்டில் பிடித்து என் கையில் கொடுத்தாய். செம்மண் குழம்பாக இருந்தது.

"மச்சான், வேகமாத்தான் வருது. ஆனா சத்தத்தையே காணமே," என்றாய்.

"வடியப் போகுது மாப்ளே. முழங்கால் அளவுதான். நடுவுல ஒண்ணு புடிச்சிட்டு வா, போவோம்."

எனக்கு சேத்தூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். நீ என்னை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கினாய். பத்து எட்டுக்கூட வைக்கவில்லை.

பொறவு இன்ஜினீயர் சொன்னார்: "மண்ணு அளவுக்கு மீறிச் சேந்துட்டா அது தண்ணி மாதிரி ஓடாதுய்யா. சுழிப்பு அடங்கிரும், மேல சாதுவாத் தெரியும். அடியில பெரிய பெரிய கல்லே உருண்டு வரும்."

மற்ற பாட்டில்களில் மணல் உடனே அடியில் போய்விடும், களிமண் மெல்லப் படியும். நீ பிடித்ததில் இரண்டும் ஒன்றையொன்று விடவில்லை. தனியாக விழ ஒரு பொடிக்கும் இடமில்லாமல், எல்லாம் ஒரே கோடாக, நகர்வதே தெரியாமல் இறங்கின. மேலே ஒரு விரற்கடை தெளிய ஒரு பகல் ஆயிற்று. நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றும் மழைநாளில் சத்தம் கேட்டால் எனக்குப் பயமில்லை. சத்தம் நின்றால்தான் எழுந்து வெளியே போய்ப் பார்க்கிறேன். உனக்கு அந்த நேரம் ஏதாவது கேட்டதா மாப்ளே?

உன்னை ஆற்றில் இறக்கியதைவிடப் பெரிய பாவம் ஒன்று செய்தேன். விசாரிக்க வந்தவர்களிடமும் தங்கச்சியிடமும், "வேண்டாம்னு சொன்னேன், கேக்கல," என்று சொல்லிவிட்டேன்.

உன் மகள் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். போன வாரம் பள்ளிக்கூடத்தில் அருவிக்குக் கூட்டிப்போகிறார்கள், நானும் போகட்டுமா என்று கேட்டிருக்கிறாள். தங்கச்சி மாட்டேன் என்றிருக்கிறாள். இவள் எதிர்த்துப் பேச, "அப்பன மாதிரியே சொன்ன பேச்சு கேக்காத ஜென்மம்," என்று திட்டியிருக்கிறாள். பிள்ளை நேரே பஸ் ஏறி என்னிடம் வந்துவிட்டாள்.

"மாமா, நீங்க கூடத்தான இருந்தீக. அப்பா நெசமாவே யாரு சொன்னாலும் கேக்க மாட்டாகளா?"

சாப்பிட்டாயா என்று கேட்டேன். வேறு என்ன கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறது?

வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன், இது சத்தியம். அதற்குப் பிறகு தங்கச்சி என்னை வாசப்படி ஏறவிடுவாளா, தெரியவில்லை. விடாவிட்டால் போகட்டும். உன் மகளுக்குத் தெரியவேண்டும், அவள் அப்பா சொன்ன பேச்சைக் கேட்டவர். கேட்டதால்தான் செத்தார்.

இப்படிக்கு,
நீ நம்பி இறங்கிய
உன் மச்சான்