பதினோராவது விநாடி எச்சரிக்கை

மார்சிலிங்,
9 மார்ச் 2025

அன்புள்ள மிதுனா,

நலம். நீ நலமா? மாதம் ஒரு மின்னஞ்சல், அதுவும் சுத்தத் தமிழில், என்று கிளம்பும்போது சட்டம் போட்டவன் நீ. பிப்ரவரி கடிதம் எங்கே? மெல்பர்னில் வேலை கிடைத்ததும் சிங்கப்பூரையும், கிளமெண்டி கல்லூரியில் மூன்று வருடம் கூடப் படித்தவளையும் மறந்தாயிற்று போலிருக்கிறது. நோன்புக் கஞ்சி காய்ச்சும்போதெல்லாம் உம்மா உன்னை விசாரிக்கிறார்கள்.

ஒரு விஷயம். நம் மருந்து பம்புகள் இருபத்திரண்டும் ஒரு மருத்துவமனை வார்டில் முன்னோட்டத்துக்குப் போனதல்லவா? அவற்றை உள்ளிருந்து இயக்கும் கெர்னல் நிரலை நீ எழுதி, நான் சோதித்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பியவை. வியாழக்கிழமை ஒன்று அப்படியே நின்றுவிட்டது. திரை அசையவில்லை, மருந்து இறங்கவில்லை, அலாரம்கூட அடிக்கவில்லை. அன்னம்மா என்ற தாதி தற்செயலாகப் பார்த்து வேறு பம்ப் மாற்றியிருக்கிறார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

“ஹார்ட்வேர் பிரச்சினைலா, சும்மா டென்ஷன் ஆகாதே” என்கிறார் நம் மேலாளர் சுந்தரேசன். எனக்கு மனசு கேட்கவில்லை. நிரலின் ஒரு பகுதி லாக்கைப் பிடித்துக்கொண்டு விடாமல், மற்றவை அந்தப் பூட்டுக்காகக் காத்து நின்றாலும் இப்படித்தான் ஆகும். உன் நிரலில் அப்படி ஏதாவது இடம் உண்டா? உடனே எழுது.

நஸீஹா


மெல்பர்ன்,
12 மார்ச் 2025

அன்புத் தோழி நஸீஹாவுக்கு,

பிப்ரவரிக்கு மன்னிப்பு. இங்கே மே மாதம் வரை தகுதிகாண் காலம், மூச்சுவிட நேரமில்லை.

நீ அன்றிலிருந்தே இப்படித்தான். பரீட்சை எழுதிவிட்டு வந்து ‘ஃபெயில்’ என்று அழுவாய், பிறகு முதல் மார்க் வாங்கி எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வாய். ஏழு நாள் இடைவிடாமல் பம்பை ஓட்டிச் சோதித்தவள் நீதானே? லாக் விஷயத்தில் தப்பு இருந்தால், அதைக் கண்காணிக்கவே இருக்கும் லாக் செக்கர் உடனே கத்தியிருக்கும். வந்தது ஒரே எச்சரிக்கை. பம்ப் தொடங்கிய பதினோராவது விநாடியில், திரைக்கான நிரலிலிருந்து வருவது. அது ஆபத்தில்லாதது, ஒதுக்கிவிடு என்று நான்தானே சொன்னேன். வீணாக உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அம்மா கிளமெண்டி வீட்டில் தனியாக இருக்கிறார். ஒருநாள் நோன்பு திறக்க அங்கே போ, சந்தோஷப்படுவார்.

அன்புடன்,
மிதுனன்


தஞ்சோங் பகார் அலுவலகம்,
18 மார்ச் 2025

அன்புள்ள மிதுனா,

ஞாயிற்றுக்கிழமை போனேன். இடியப்பமும் சொதியும் வைத்துத் திணறடித்துவிட்டார் உன் அம்மா. நன்றாக இருக்கிறார். நான்தான் நன்றாக இல்லை.

அந்த ஏழு நாள் பதிவுகளை மறுபடி பார்த்தேன். லாக் செக்கர் முதல் எச்சரிக்கையைச் சொன்னதுமே தன்னை நிறுத்திக்கொள்கிறது. ஒருமுறை தப்பைக் கண்ட பிறகு அதன் கணக்கை நம்ப முடியாது என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். எனக்கு இது தெரியாது, படித்து வைக்காதது என் குற்றம். பதினோராவது விநாடியில் அது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஏழு நாளும் யாருமே கவனிக்கவில்லை, மிதுனா! நான் அதைத்தான் ‘வேறு எச்சரிக்கை இல்லை’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

திரை நிரலைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். நாற்பதே நிமிடம், செக்கர் கத்தியது. உன் நிரல் ஒரு லாக்கைப் பிடித்துக்கொண்டே மெமரி கேட்கிறது. மெமரி தட்டுப்பாடு என்றால் கெர்னல் பழையதைக் காலிசெய்து கொடுக்கப் பார்க்கும். காலிசெய்ய அதே லாக் வேண்டும். ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு பம்ப் நின்றுவிடும்.

இந்த நிமிடமும் இருபத்தொரு பம்பு அந்த வார்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். செக்கர் நின்றுவிடும் என்பது உனக்கு அப்போதே தெரியுமா?

நஸீஹா


மெல்பர்ன்,
19 மார்ச் 2025

நஸீஹா,

தெரியும். உன்னிடம் பொய் சொல்ல வரவில்லை. திரை நிரலில் கைவைத்தால் ஏழு நாள் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்தே நாளில் எனக்கு விமானம். என் நிரலில் தப்பு இருக்காது என்று சத்தியமாக நம்பினேன்.

ஹார்ட்வேர் கோளாறு என்றே சொல்லிப் பம்புகளைத் திரும்ப வாங்கிவிடலாம். யாருக்கும் ஆபத்தில்லை. நிரலை நான் சத்தமில்லாமல் திருத்தித் தருகிறேன். அப்படியும் அறிக்கை எழுதியே ஆகவேண்டுமென்றால், செக்கர் விஷயம் நம் இருவருக்குமே தெரியாது என்று எழுது. உனக்குத் தெரியாது என்பது உண்மைதானே? இங்கே இது தெரிந்தால் வேலை போய்விடும். எதையும் கொடுப்பதற்கு முன் என்னோடு பேசு, கெஞ்சிக் கேட்கிறேன்.

மிதுனன்


மார்சிலிங்,
20 மார்ச் 2025

மிதுனா,

அறிக்கையைச் சுந்தரேசன் கையில் கொடுத்துவிட்டுத்தான் செவ்வாய்க்கிழமை உனக்கு எழுத உட்கார்ந்தேன். பம்புகள் புதன் காலையே திரும்பி வந்துவிட்டன. சோதித்தவள் நான், கவனிக்காதவள் நான் என்றுதான் முதல் வரி. அந்த எச்சரிக்கையை ஒதுக்கச் சொன்ன உன் மின்னஞ்சலையும் சேர்த்திருக்கிறேன். உனக்குத் தெரிந்திருந்ததா என்று அதில் ஒரு வார்த்தை இல்லை, அப்போது எனக்கே தெரியாதே.

உன்னைக் கேட்டது அறிக்கைக்காக இல்லை, எனக்காக. ‘தெரியும், தப்பு செய்துவிட்டேன்’ என்பதோடு நீ நிறுத்தியிருந்தால் நாலு நாள் திட்டித் தீர்த்துவிட்டுப் பெருநாளைக்குள் சமாதானம் ஆகியிருப்பேன். நீ என்னையும் அல்லவா பொய்க்குத் துணை கூப்பிடுகிறாய்?

நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. உனக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்பார்கள். அதற்கு முன் நீயே சுந்தரேசனுக்கு எழுதிவிடு. அந்த வார்த்தையை என் வாயால் சொல்ல வைக்காதே. எழுதுவாய்தானே?

நஸீஹா


தஞ்சோங் பகார் அலுவலகம்,
21 மார்ச் 2025, பகல் 12.15

மிதுனா,

பத்து மணி வரை உன் மின்னஞ்சலுக்காகக் காத்திருந்தேன். சுந்தரேசனுக்கும் எதுவும் வரவில்லை.

கேட்டார்கள். சொல்லிவிட்டேன்.

நஸீஹா