நான் போட்ட சத்தம்

2006 மார்ச் 6, திங்கள்

கடும் குளிர். மைதானம் கல்லாகக் கிடந்தது. பயிற்சி உள்ளரங்கில். பதினாறு பேர் வந்தார்கள், இருவருக்குத் தடிமன், ஓயாத தும்மல். வாங்க வேண்டியவை: பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி, பிளாஸ்டர், மனைவி ரெஜினாவுக்குக் கண்ணுக்கு விடும் மருந்து.

மதியம் கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். செப்டம்பரில் புதிதாகச் சேருபவர்களுக்கான புத்தகத்தில் என் படம் வரப்போகிறதாம், வெற்றிக் கிண்ணத்தோடு. கீழே ஒரு வரி வேண்டும். என் அணியிலிருந்து எத்தனை பேர் தொழில்முறை உதைபந்தாட்டக் கழகங்களுக்குப் போனார்கள் என்று கேட்டார். ஐந்து என்றேன். மனிதருக்கு வாயெல்லாம் பல். அந்த ஐந்து பேரில் எத்தனை பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவரும் இல்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஜெரோம்தான் கடைசி. அவனையும் ஜனவரியில் அனுப்பிவிட்டார்கள்.

பின்னேரம் ஜெரோமே தொலைபேசி எடுத்தான். எங்கள் பங்குக் கோயிலுக்கு வரும் மெற்றில்டாவின் மூத்த மகன். பதினொரு வயதில் மன்னாரிலிருந்து லண்டனுக்கு வந்தவன், இப்போது இருபது. கல்லூரியில் இரண்டு வருடம் என் அணிக்கு நடுக்களத்தில் ஆடினான்.

"சேர், ஒரு கழகம் கூப்பிட்டிருக்கு. சின்னக் கழகம்தான். சனிக்கிழமை அவையின்ர ரிசேர்வ் ரீமில ஒரு மட்ச். பாத்துப்போட்டுச் சொல்லுவினமாம்."

"நல்லது ராசா."

"இதுவும் சரிவராட்டி எயார்போர்ட் வேலைக்கு ஓம் எண்டு சொல்லப்போறன். அம்மாவும் எத்தினை நாளைக்குப் பாக்கிறது? நீங்கள் வருவியளோ சேர்? கோட்டோரம் நிண்டு கூப்பிட்டியளெண்டால் நான் நல்லா விளையாடுவன்."

வருகிறேன், கூப்பிடுகிறேன் என்று சொன்னேன். பெருமையாகக்கூட இருந்தது. தொலைபேசியை வைத்த பிறகுதான் அந்தக் 'கூப்பிட்டியளெண்டால்' திரும்பக் காதில் கேட்டது.

மார்ச் 7, செவ்வாய்

மழை. பிறகு வெயில். பிறகும் மழை.

நான் கோட்டோரம் நின்று இப்படிச் செய், அப்படிச் செய் என்று 'கூப்பிடுவது' எப்படித் தொடங்கியது என்று இன்று முழுக்க யோசனை. முதல் வருடம் ஆங்கிலத்தில்தான் கத்தினேன். எதிரணிக்கும் விளங்கிற்று. அடுத்த வருடம் தமிழுக்கு மாற்றினேன். நான்கே சொல்: விடு, பொறு, திரும்பு, பின்னுக்கு. கானாக்காரப் பிள்ளை, துருக்கிப் பிள்ளை, அயர்லாந்துப் பிள்ளை எல்லாருக்கும் ஒரே கிழமையில் பாடம். ஒரு பயிற்சியாளர் நடுவரிடம் போய் முறையிட்டார். தமிழில் கத்தக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லையாம். அன்று திரும்பி வரும்போது வாகனம் முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு மூன்று கிண்ணம்.

இன்று எம்ரே. வயது பதினேழு, இந்த வருடத்து அணியில் கெட்டிக்காரன். பந்து அவன் காலில், முன்னால் வெட்டவெளி, ஒரு குருவிகூட இல்லை. அந்த நேரம் பார்த்து நான் பிளாஸ்கில் இருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவன் நின்றுவிட்டான். நின்று என்னைப் பார்த்தான். பின்னால் வந்தவன் பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஏன் நின்றாய் என்று கேட்டேன். "நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே, சேர்," என்றான், குற்றம் முழுக்க என்னுடையது போல.

இதை நான் இன்றுதான் பார்க்கிறேன் என்றில்லை. நூறு முறை பார்த்திருக்கிறேன். ஒழுங்கு என்று பெயர் வைத்திருந்தேன்.

மார்ச் 8, புதன்

ஊசி வாங்கியாயிற்று. கண் மருந்து மறந்துபோய்விட்டது.

ஜனவரியில் ஜெரோமை வெளியே அனுப்பிய கழகத்தில் இளைஞர் பிரிவுக்குப் பொறுப்பானவரைத் தொலைபேசியில் பிடித்தேன். மரியாதையான மனிதர். இரண்டு தரம் மழுப்பினார், மூன்றாம் தரம் சொன்னார். உங்களிடமிருந்து வருகிறவர்களுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கிறது, சொன்னால் உடனே செய்கிறார்கள், ஆனால் பந்து கிடைத்ததும் தலையைத் தூக்கி மைதானத்துக்கு வெளியே பார்க்கிறார்கள், யாரைத் தேடுகிறார்கள் என்று எங்களுக்கு விளங்கவில்லை என்றார்.

எனக்கு விளங்கிற்று. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 9, வியாழன்

இரவுச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு, உப்புக் கூடிப்போயிற்று.

சனிக்கிழமை போவேன், ஆனால் வாய் திறக்க மாட்டேன் என்று ரெஜினாவிடம் சொன்னேன். ஒரே ஒரு மட்ச் தானாக ஆடிவிட்டான் என்றால் போதும், பிறகு அவனுக்கே தெரிந்துவிடும்.

"அப்ப அவனிட்டைச் சொல்லிப்போட்டியளோ?"

"சொன்னால் பயந்துபோவான்."

"உங்கட விருப்பம்," என்றாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். 'உங்கட விருப்பம்' என்றால் சம்மதம் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மேலே பேசவில்லை. பேசினால் அவள் சொல்வது சரி என்று ஆகிவிடும்.

மார்ச் 10, வெள்ளி

தவக்காலம். மச்சம் மாமிசம் இல்லை. சிலுவைப்பாதைக்குப் போனேன், மனம் நிற்கவில்லை. முழங்காலில் நின்றபடி எனக்காக நானே வழக்காடிக்கொண்டிருந்தேன்.

கிண்ணம் இல்லாவிட்டால் கழகக்காரர் எங்கள் பக்கம் எட்டியும் பார்த்திருக்க மாட்டார்கள். அது உண்மை. அவர்களும் கூடை கூடையாக எடுத்து ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டுகிறவர்கள்தான். அதுவும் உண்மை. நான் சம்பளத்துக்கு மேலே உழைத்தவன், பிள்ளைகளைச் சொந்தச் செலவில் ஏற்றி இறக்கியவன். எல்லாம் உண்மை.

ஆனால் மூன்று கிண்ணத்திலும் ஆடியது யார்? நான். பதினொரு சோடிக் கால்களால்.

மார்ச் 11, சனி

மெல்லிய வெயில், பொல்லாத காற்று. விம்பிள்டனுக்கும் அப்பால். பார்க்க வந்தவர்கள் முப்பது பேர் இருக்கும், இரண்டு நாய். ஜெரோம் என்னைக் கண்டதும் கை தூக்கினான். நானும் தூக்கினேன்.

முதல் பந்து நான்காவது நிமிடத்தில் வந்தது. எடுத்தான், நிமிர்ந்தான், பார்த்தான். இடது பக்கம் வழி திறந்து கிடந்தது. 'விடு' என்ற சொல் என் பல்லுக்குள் நின்றது. கைகளைக் குளிர்ச்சட்டைப் பைகளுக்குள் போட்டுக்கொண்டேன். பந்து பறிபோயிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பந்தை எடுக்கும்போது அவன் கையை விரித்துக் கேட்டான், என்ன என்று. நான் நிலத்தைப் பார்த்தேன்.

இனிப் பழகிவிடுவான், இனிப் பழகிவிடுவான் என்று அரை மணிநேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் பழகவில்லை. எனக்குக் கேட்காமல் போய்விட்டதோ என்ற மாதிரிக் கிட்டக் கிட்ட வந்து என் பக்கக் கோட்டோரமாகவே ஆடினான். தன் இடத்தையே விட்டுவிட்டான். இடைவேளைக்குப் பிறகு பத்து நிமிடத்தில் வெளியே எடுத்துவிட்டார்கள். அந்தக் கழகத்துப் பயிற்சியாளர் அவனுக்குக் கை கொடுத்தார், நல்ல பிள்ளை என்றார். மேலே ஒன்றும் இல்லை.

அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். பிறகு நானே பேச்சைத் தொடங்கினேன். உனக்கு நல்லது என்று நினைத்துத்தான் கூப்பிடவில்லை, என் சத்தம் இல்லாமல் நீ ஆட வேண்டும் என்று நினைத்தேன் என்றேன்.

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதை எனக்குச் சொல்லியிருக்கலாமே சேர்."

"பயந்துபோவாய் எண்டு..."

"பயந்திருப்பன்தான். ஆனால் பயந்து பயந்தெண்டாலும் நானாப் பாத்து அடிச்சிருப்பன். ஏலுமோ ஏலாதோ தெரிஞ்சிருக்கும். நீங்கள் வாறன் எண்டனியள், கூப்பிடுறன் எண்டனியள். நான் ஐம்பத்தஞ்சு நிமிசம் உங்கட வாயைப் பாத்துக்கொண்டு நிண்டன்."

விம்பிள்டன் ஸ்டேஷனில் இறக்கிவிடச் சொன்னான். வீடுவரை கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம், ட்ரெயினில் போகிறேன் என்றான். கதவை மெதுவாகத்தான் சாத்தினான். அறைந்து சாத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வெட்கமாக இருக்கிறது. நான்கு சொல்லை நிறுத்திவிட்டால் அவனை அவன்பாட்டுக்கு ஆடவிட்டதாகிவிடும் என்று நம்பினேன். நிறுத்துவது என்பதையும் நானே முடிவு செய்தேன், அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வருடம் என்ன செய்தேனோ அதையே இன்றும் செய்தேன், வாயை மூடிக்கொண்டு.

மார்ச் 12, ஞாயிறு

தமிழ்ப் பூசை. கூட்டம். பிரசங்கம் நீளம், ஒன்றும் மனதில் இல்லை. கண் மருந்து வாங்கியாயிற்று.

பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர். மெற்றில்டா தேடிக்கொண்டு வந்தார். ஜெரோம் வரவில்லை. நாளைக்கு எயார்போர்ட்டில் வேலைப் பயிற்சி தொடங்குகிறதாம், காலுக்குச் சப்பாத்து வாங்கப் போயிருக்கிறான்.

"அவனுக்கு அதிட்டமில்லை சேர். நீங்கள் என்ன செய்வியள்? அந்தக் குளிருக்கை போய் நிண்டனீங்கள், அது காணும்."

"அவன் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சேர் வந்தவர் எண்டவன். வேறை ஒண்டும் கதைக்கேல்லை."

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் கைப்பையைத் திறந்து ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்தார். எங்கள் கல்லூரிப் படிவம். இளைய மகனுடைய பெயர் எழுதியிருந்தது.

"சின்னவனுக்குப் பதினாறு ஆகுது சேர். செப்டம்பரிலை உங்களிட்டைத்தான் விடப்போறன். இவன் தமையனை மாதிரி இல்லை. ஒருத்தற்றை சொல்லும் கேளான், தன்ர எண்ணத்துக்குத்தான் பந்தடிப்பான். நீங்கள்தான் திருத்தி எடுக்கவேணும்."

பயிற்சியாளர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. அவர் பேனாவையும் நீட்டினார். பின்னால் ஆட்கள் தேநீருக்கு வரிசையில் நின்றார்கள். ஓம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.