காலையில் ஐந்து, மாலையில் ஐந்து

பொந்தியான்
10 பிப்ரவரி 1934

சூசைக்கு, செபஸ்தியன் எழுதுவது. நலம். உன் நலம் எழுது.

போன வாரம் பொட்டுவை ஜொகூர் பாருவில் மிருக டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்ப உன்னிடம் விட்டபோது, நீ அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அதனால் எழுத்தில் சொல்கிறேன். அவனுக்கு இதயம் தளர்ந்துவிட்டதாம். இருமலும் வயிற்று வீக்கமும் அதனால்தான். பஸ்காரர் சின்னத்தம்பியிடம் மருந்துப் புட்டி கொடுத்தனுப்பியிருக்கிறேன். காலையில் ஐந்து சொட்டு, மாலையில் ஐந்து சொட்டு. ஒரு சொட்டு கூடினாலும் ஆபத்து. ஓடவிடாதே. டாக்டரின் சீட்டு இங்கிலீஷில் இருப்பதால் என்னிடமே இருக்கட்டும்.

டைபாய்டில் கிடந்த நம் பிள்ளை லூர்துவுக்குச் சோறு ஊட்டி, அவனைப் பறிகொடுத்தவள் நீ. அவன் வளர்த்த நாயையாவது சொன்னபடி பார்த்துக்கொள்.

செபஸ்தியன், ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்


கூலாய்
18 மார்ச் 1934

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரருக்கு, சூசையம்மாள் வணக்கமாக எழுதுவது. மாதா புண்ணியத்தில் இருக்கிறேன்.

பொட்டு போய்விட்டான். வெள்ளிக்கிழமை மத்தியானம், என் மடியில்.

மருந்து வந்த அன்று என் சேலையெல்லாம் துப்பிவிட்டான். ஆட்டீரலுக்குள் வைத்துக் கொடுத்தேன், விழுங்கினான். இருமல்கூடக் குறைந்தது. அதற்குள் விபூதிப் புதன் வந்து தபசு காலம் தொடங்கிவிட்டது. பாஸ்குத் திருநாள் வரை நம் வீட்டில் கறி ஏறாது, உங்களுக்குத் தெரியாததா? அதனால் கருவாட்டுத் துண்டில் சொட்டை ஊற்றிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு ராசம்மா சிரித்தாள். "ஏங்க்கா, நாய்க்குமா தபசு?" என்றாள். "இந்த வீட்டுல திங்கிற எல்லாருக்கும்தான் லா" என்றேன். அவன் என்ன ஆசையாகத் தின்றான் தெரியுமா! என் விரலைக்கூட விடமாட்டான்.

பிறகு தண்ணீர் தண்ணீராகக் குடித்தான். வயிறு பானையாகிவிட்டது. ரம்புத்தான் மரத்தடியில் புதைத்தோம்.

நீங்கள் எழுதியதில் ஒன்றும் பிசகவில்லை. ஒரு வேளை தவறவில்லை, ஒரு சொட்டு கூடவில்லை. இந்தத் தடவை என் மேல் குற்றமில்லைதானே? ஒரு வரி எழுதுங்கள். அது போதும் எனக்கு.

சூசையம்மாள்


பொந்தியான்
24 மார்ச் 1934

என் சூசைக்கு,

உன் கடிதம் வந்ததும் டாக்டரின் சீட்டை எடுத்துப் படித்தேன். கடைசி வரியில், உப்புச் சேர்ந்த எதையும் கொடுக்கக்கூடாது என்று இருக்கிறது. அதை நான் உனக்கு எழுதவில்லை. மறதி இல்லை. இவளுக்கு இவ்வளவு போதும் என்று விட்டுவிட்டேன். கருவாட்டு உப்புதான் அவன் உடம்பில் நீரைக் கட்டிவிட்டது.

சொல்லாமல் இருந்தால் உனக்குத் தெரியவே போவதில்லை. மூன்று நாள் அப்படித்தான் இருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

டைபாய்டில் குடல் புண்ணாகியிருக்கும், சோறு கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்று ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லாத் தாய்மாருக்கும் சொல்கிறவன் நான். லூர்து படுத்தபோது உனக்கு மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கும் இதே நினைப்புதான். பிள்ளை பசிக்கிறது என்றான், நீ கொடுத்தாய். தாய் வேறென்ன செய்வாள்? அதற்கு இரண்டு வருஷமாக ஊரெல்லாம் உன்னைத் தூற்றினேன். நான் பாவி, சூசை. உன் மேல் குற்றமில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

பாஸ்குக்கு வருகிறேன். சேர்ந்து பூசைக்குப் போவோம்.

உன் செபஸ்தியன்


கூலாய்
29 மார்ச் 1934

லூர்துவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுக் கதறிவிட்டேன். ராசம்மா பயந்துபோய் ஓடிவந்தாள். "என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

உண்மையை எழுதினீர்கள், அதற்கு நன்றி. ஆனால் பாஸ்குக்கு வரவேண்டாம். உங்களை மன்னிக்க எனக்கு ஆசைதான். இன்னும் முடியவில்லை. முடிகிற அன்று நானே எழுதுகிறேன்.

மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், சாமியாரிடம் "சாமி, எம் புள்ளைய நானே கொன்னுட்டேன்" என்று சொல்லி வந்தேன். இரண்டு வருஷம். நேற்றும் போனேன். உங்கள் மேல் இருக்கிற கோபத்தைச் சொன்னேன். பிள்ளையை நானே கொன்றேன் என்று மட்டும் சொல்லவில்லை.

சூசையம்மாள்