நீலம் போட்ட சுண்ணாம்பு

27-12-1969, மாகறல்

பழைய வீடுகளைப் படம் வரைய மெட்ராஸிலிருந்து லில்லி என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். கட்டடப் படிப்பாம். கோயிலை முடித்துவிட்டு நம் தெருவுக்கு வந்தாள். வந்தவள் நேரே எங்கே போனாள்? என் ஓரகத்தி பெரியநாயகி வீட்டுக்கு! பாகம் பிரித்தபோது முன்கட்டு அவர்களுக்குப் போச்சு, தேக்குத் தூண், சித்திர வேலை செய்த வாசக்கால் எல்லாத்தோடும். எனக்கு வாய்த்தது பின்கட்டும் புகை பிடித்த கூடமும்.

29-12-1969

இன்றும் அங்கேதான். பெரியநாயகி பட்டுப்புடவை கட்டிக்கினு தூண் பக்கத்துல நிக்கிறா. தூணை இவளா செதுக்கினா? வயிறு எரியுது.

2-1-1970

லில்லி ஊருக்குப் போயிருக்கிறாளாம், திரும்பி வருவாளாம். "வந்தா நம்ம பக்கமும் கூப்பிடுங்களேன்" என்று இவரிடம் சொன்னேன். "இங்க இன்னாடி இருக்குது பாக்க?" என்கிறார். கட்டின புருஷனே இப்படி.

6-1-1970

போகி வரைக்கும் பொறுக்கவில்லை. இன்றைக்கே வெள்ளையடித்தாச்சு. சுண்ணாம்பில் நீலம் தாராளமாகப் போடச் சொன்னேன். கூடத்துச் சுவரில் மாமனாருக்குத் தாத்தா காலத்தில் எழுதின சாமி ஊர்வலம், குதிரை, யானை — கரி படிஞ்சு அசிங்கமா இருந்துச்சு. எல்லாம் மறைஞ்சு பளிச்சுனு ஆயிடுச்சு. வரட்டும் இப்போ!

8-1-1970

வந்தாள். கூடத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஜெயம்மா, இங்கே படம் இருக்குன்னாங்களே?"

"அதெல்லாம் வெள்ளையடிச்சாச்சுமா."

முகம் சுண்டிப்போச்சு அவளுக்கு. அந்த மாதிரித் தூண் பல ஊரில் பார்த்திருக்கிறாளாம். வீட்டுக்குள் சுவர்ச் சித்திரம்தான் பார்த்ததில்லையாம். அதற்காகவே ஊருக்குப் போய்க் கலர்ப்பெட்டி எடுத்துக்கினு வந்திருக்கா.

"யார் சொன்னது உனக்கு?"

"பெரியநாயகியம்மாதான். 'எங்க பக்கம் வெறும் மரம்தாம்மா, பொக்கிஷம் எல்லாம் என் தங்கச்சி கூடத்துல இருக்குது'ன்னாங்க."

ஐயோ. தங்கச்சியாமே நான்!

9-1-1970

ஈரத்துணியால் ஒரு மூலையைத் தேய்த்தேன். சுண்ணாம்போடு குதிரையும் சேர்ந்து வந்துடுச்சு.

10-1-1970

பெரியநாயகி வந்தாள். குத்தலாக ஒரு வார்த்தை இல்லை. "போவுது வுடுமா, பண்டிகைக்கு வெள்ளையடிக்காம இருப்பாங்களா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

தூணும் அவளுக்கு. இப்போ நல்லவள்னு பேரும் அவளுக்கே.