சதக்காவாகப் போன சீட்

திங்கள், இஷாத் தொழுகைக்குப் பிறகு.

உம்மாவின் இடுப்பு வலிக்காக இணையத்தில் வாங்கிய அகலமான பைக் சீட் பொருந்தவேயில்லை. கொக்கி இரண்டு விரல் தள்ளி நிற்கிறது. கொழும்புக் கம்பனிக்கு இன்று ஆறாவது தடவை அழைத்தேன்.

"பழைய சீட்டையும் பக்கத்துல வெச்சி போட்டோ அனுப்புங்க. இல்லாட்டி மாத்தித் தர ஏலாது" என்றது அங்கே பேசிய பெண்பிள்ளை.

பழையதை உம்மாவின் சுகத்துக்கு என்று மனதில் நிய்யத் வைத்து, மீன் விற்கும் காசிம் காக்காவுக்கு நேற்றே சதக்காவாக, தருமமாகக் கொடுத்துவிட்டேன். போட்டோவுக்கு என்று கேட்டாலே அந்த மனிதர் கழற்றித் தந்துவிடுவார்; கொடுத்த சதக்காவைத் திரும்ப வாங்கியதாகிவிடும். யா அல்லாஹ், ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா நான்?

நாளை காலை கிளினிக். சீட் இல்லாத பைக்கின் வெறும் சட்டத்தின் மேல் அரிசிச் சாக்கை மடித்துக் கட்டினேன். உம்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

"இப்ப நல்ல சொகம் மகன். கிளினிக்குக்குப் போகத் தேவல்ல."

சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அதைச் சொன்னார்.