முதலில் அழுதவன்

இசாமுவின் அப்பாவுக்கு,

கோயில் அழுகைப் போட்டியில் நம் மகன் ஜெயித்துவிட்டான்.

பிறந்ததிலிருந்து அவன் மூச்சு விசில் மாதிரி ஊதிக்கொண்டிருந்ததே, அது இப்போது இல்லை. நீங்கள் ஒசாகாவுக்குப் போன மறுவாரமே மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் துளையிட்டுச் சின்னக் குழாய் வைத்தார்கள். நன்றாக மூச்சு விடுகிறான். அதை எடுக்கும்வரை குரல் மட்டும் வெளியே வராதாம்.

"சத்தமே வராத பிள்ளைய எதுக்கு அங்க கூட்டிட்டுப் போறே?" என்றார் உங்கள் அக்கா.

"அவனுக்கு அழத் தெரியும்க்கா," என்றேன்.

இரண்டு சுமோ வீரர்கள் ஆளுக்கொரு குழந்தையைத் தூக்கிப் பிடித்து எதிரெதிரே நின்றார்கள். முதலில் அழுகிற குழந்தைக்குத்தான் ஜெயம். நடுவர் பேய் முகமூடியைக் காட்டி, "அழு, அழு" என்று அதட்டினார். எதிர்க் குழந்தை வீறிட்டது. ஜெயித்தவரைக் காட்டும் நடுவரின் கைவிசிறி அந்தப் பக்கம் நீண்டது.

நம்மவனைப் பிடித்திருந்த வீரர் அசையவில்லை.

"ஐயா, இவன்தான் முதல்ல அழுதான். அந்தப் பிள்ளை வாயத் திறக்கும்போதே இவன் கண்ணீர்ல என் கை நனைஞ்சுபோச்சு."

நடுவர் கிட்டே வந்து அந்தக் கையைப் பார்த்தார். விசிறி நம் பக்கம் திரும்பியது. எல்லோரையும்விட ஓங்கிக் கைதட்டியது உங்கள் அக்காதான். நான் ஒன்றும் அழவில்லை.

அந்த விசில் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று சொல்லித்தான் போனீர்கள். இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. அவன் அழுவதுகூடக் கேட்காது. கையில் வைத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

உங்கள் மகனின் அம்மா