பொரிப்பகத்தில் நாலு துண்டு விளைமீன்

மே 12, செவ்வாய்.

எங்கள் ஆய்வுக்கூட வாசலில் 'மீன் பொரிப்பகம்' என்று பலகை மாட்டியவர் யாரோ, என் கையில் சிக்கட்டும்.

பக்கத்து உப்புக் கிட்டங்கிக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் அண்ணாச்சி, மத்தியானம் தூக்குவாளியோடு உள்ளே வந்துவிட்டார். "ஏம்மா, விளமீன் பொரிச்சது நாலு துண்டு குடும்மா."

"இங்கன மீனப் பொரிக்கல அண்ணாச்சி. முட்டைல இருந்து குஞ்சு பொரிக்கோம்."

"முட்டையா? அப்ப ஆம்லெட்டாவது போடு."

சொன்னால் புரியாது என்று தொட்டியைக் காட்டினேன். கடல் இன்னும் சூடானால் மீன்முட்டைக்கு என்ன ஆகும் என்று பார்க்க, தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கி வைத்த தொட்டி. முட்டைகள் நேரத்துக்கு முன்பே பொரிந்துவிட்டன. பாதிக்கு மேல் குஞ்சுகள் முதுகு வளைந்து, செத்து, அடியில் கிடந்தன.

நான் தடுப்பதற்குள் தண்ணீரில் விரலை விட்டார். "வெதுவெதுன்னுல்லா இருக்கு!"

"நம்ம கடலும் இப்படித்தான் ஆயிட்டு வருது அண்ணாச்சி."

குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு வாளியை மூடினார். "அப்ப போர்டு சரிதாம்மா. பொரிச்சுத்தான வச்சிருக்கிய."

ஆய்வுக் குறிப்பேட்டில் இன்றைய பக்கத்தில் 'பொரிந்தன' என்று எழுதியிருந்தேன். வேறு சொல் தேடுகிறேன். அதைப் பார்த்தாலே எண்ணெய் வாசம் அடிக்கிறது.